தெற்குப் பிரகாரத்து மூலைத் தூண்

கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். அடையாறு முகத்துவாரத்து மணல், சைதாப்பேட்டையில் ஆற்றோரப் பாறைக் குன்று, கடைசியில் மயிலாப்பூர் கோயில். குன்றில் கிடக்கிற நீலக்கறுப்புக் கல்தான் கோயிலில் தூணாக நிற்கிறது என்று காட்டுவது என் வித்தை. தொண்ணூறுகளின் தொடக்கம். டி.வி.யில் புராணத் தொடரை விட்டுவிட்டுக் கல் பார்க்க வருகிறவர்களை இரண்டு ஆட்டோவில் அடைத்துவிடலாம்.

என் மனைவி தவறாமல் வருவாள். கல்லில் அவளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் தெற்குப் பிரகாரத்து மூலைத் தூணில் சாய்ந்து நிற்பாள். என் கற்களில் அது ஒன்றுதான் உருப்படியாம், முதுகுக்குச் சில்லென்று இருக்கிறதாம்.

அவள் இறந்த பிறகும் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்றை நான் நிறுத்தவில்லை. ஆதம்பாக்கம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் துக்க வருஷம், கோயிலுக்குள் போகக் கூடாது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது.

அதனால் அந்த மாதம் எல்லோரையும் கோபுர வாசலிலிருந்தே உள்ளே அனுப்பினேன். மூலைத் தூணை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. யாராவது ஒருவர் தொட்டால் போதும் என்றிருந்தது. செருப்புகளுக்குக் காவலாக நின்றேன்.

விபூதியும் தேங்காய் மூடியுமாக வந்தார்கள். தூண்? கூட்டம் சார் என்றார் ஒருவர். நவக்கிரகம் சுற்றியதில் மறந்தே போச்சு என்றார் இன்னொருவர். எனக்குச் சுருசுருவென்று கோபம் வந்தது. கல் பார்க்க வந்த லட்சணம்! இனி இந்த வேலையே வேண்டாம் என்று மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

கடைசியாக வந்தவர் தேனாம்பேட்டையில் டைப்பிஸ்டாக இருந்த பெண்மணி. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தூணைப் பார்த்தேன் சார். ஒரு இடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. நானும் கொஞ்ச நேரம் சாஞ்சு நின்னேன். சில்லுனு இருந்துது. யார் சார் சாஞ்சு சாஞ்சு அப்படித் தேஞ்சிருக்கும்?"

ஒரு ஆள் சாய்ந்து அந்தக் கல் தேயாது. தலைமுறை தலைமுறையாக ஊரே சாய வேண்டும். வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்திய பாடம்.

"என் வீட்டுக்காரி" என்றேன்.

வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.