கல்லாற்றுக் கயத்தின் காவல்காரர்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் பொன்முடி வண்டி டிரைவர் இறங்கி வந்தார். "சாரே, செல்லையா அண்ணாச்சி போயாச்சு. நேத்து அடக்கமும் கழிஞ்சு." அவர் தங்கை வந்தாரா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார்.

கல்லாற்றுப் பாலத்தருகே டீக்கடை வைத்திருந்தவர் அண்ணாச்சி. பணகுடிக்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எஸ்டேட் கிளார்க்காக நான் அங்கே போனபோது, அவர் டீயில் பால் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. கடைக்குக் கீழே ஆறு ஆழமாகத் தேங்கும் கயம். மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிட வரும் இடம். இடவப்பாதி மழை தொடங்கி ஓணம் வரை அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது, வீட்டுக்கு ஒரு நாள் காவல் என்று ஊரே கூடிப் பேசி வைத்திருந்தது. சர்க்காருக்கு அதில் சம்பந்தமில்லை. வாடகைக்கு இருந்த எனக்கும் ஒரு நாள் காவல் முறை கொடுத்தார்கள்.

என் முறை வந்த ஒரு நாள், ஒருவர் கயத்தில் வெடிமருந்துத் தோட்டா வீசினார். தண்ணீர் எழும்பி அடங்கியதும், குஞ்சும் பெரிதுமாக மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. நான் பார்த்தேன். கடைவாசலில் நின்ற அண்ணாச்சியும் பார்த்தார். வீசியவர் அவருடைய தங்கை கணவர். என் வீட்டுச் சொந்தக்காரரும் அவரேதான்.

ஊர்க்கூட்டத்தில் அந்த மனிதர் சத்தியம் செய்து மறுத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எழுந்தார். "எங்க மச்சான்தான் போட்டாரு. என் கண்ணால பாத்தேன்."

"எங்க அண்ணன் பொய் சொல்லுதாரு. வேற யாரு பாத்தா?" என்று கேட்டார் தங்கை. நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதமே தங்கையும் கணவரும் பணகுடிக்குப் போய்விட்டார்கள். தங்கை கையால் சாப்பிட்டு வந்த அண்ணாச்சி, அதன்பிறகு கடையில் தனியாகப் பொங்கித் தின்றார்.

தங்கை காலி செய்த வீட்டின் பெயரை ஊரார் காவல் பட்டியலிலிருந்து அடிக்கப் போனார்கள். அவர் விடவில்லை. "அது என் தங்கச்சி முறை. அவ வர்ற வரைக்கும் நான் இருந்துக்கிடுதேன்." வருஷா வருஷம் அந்த முறைக்கும் அவரே குடையோடு கரையில் உட்கார்ந்திருந்தார். தங்கை வரவேயில்லை.

நான் வேலை மாறிப் புறப்பட்ட அன்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க சார். அன்னைக்கு உங்களுக்கும் இருக்க ஒரு இடம் வேணும்லா" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

டிரைவர் சொன்னதைக் கேட்ட மறுநாள் கல்லாறு போனேன். கடை பூட்டிக் கிடந்தது. கயத்தில் மீன்கள் கூட்டமாக நின்றன. அவற்றைப் பார்க்க அந்தக் கரையில் என்னைத் தவிர யாருமில்லை.

போய் வாருங்கள், அண்ணாச்சி. நீங்கள் என்னிடம் கேட்காமலே விட்ட சாட்சியை உங்கள் தங்கைக்கு இப்போது சொல்கிறேன். அம்மா, உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. நானும் பார்த்தேன்.