மரவீட்டுச் சந்தடைத்த தேசம்மா

ஏர்பேட்டில் ஒரு கட்டடத்துக்கு டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது தேசம்மாவின் மகன் போன் செய்தான். "சார், அம்மா போயிட்டாங்க. காத்தால எழுந்து நெஞ்ச அடைக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றான். இறக்கும் வேலையை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டுச் சத்தியவேட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் அவர் பேசிய பேச்சுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாவு வீட்டில் நின்ற, அவரோடு வேலை செய்த உங்களில் பலரும் சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன்.

அவரைத் தெரியாத யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சத்தியவேட்டுக்கு மேற்கே மலையடியில் ஐந்து மரவீடுகள் கட்டினோம். வந்து தங்குபவர்களுக்கான விடுதி அது. முழு மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுதான் சுவர். செங்கல்லும் இல்லை, பூச்சும் இல்லை. நான் அங்கே சூப்பர்வைசர். மரங்களுக்கு நடுவில் விழும் சந்துகளை அடைக்க எங்கள் பக்கத்தில் ஆளே கிடைக்கவில்லை. பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் வண்டிகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர் தேசம்மா. சந்தடைக்கும் பசையைப் பீய்ச்சுகிற சீலண்ட் கன்னைப் பிடித்தால் கோடு கிழித்தது போல இழுப்பார் என்று யாரோ சொல்லி அழைத்து வந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் தேசக்கா.

வந்த முதல் நாள் ஒரு சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். "இன்னா சார் இது, இதுல பாத்தா அம்மாந் தூரத்துல கீற தடா டோல்கேட்டே தெரியுது!" என்றார். ஆசாரிகள் உட்பட மொத்த ஆட்களும் சிரித்தோம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் விளையாட்டு கிடையாது.

மறுநாள் இரண்டு மரத்துண்டு ஜோடிகளோடு வந்தார். ஒன்றில் சந்துக்குள் ஃபோம் கயிற்றைத் திணித்து அதன்மேல் சீலண்ட் போட்டிருந்தார். மற்றதில் கயிறு இல்லை. இரண்டையும் என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். கயிறு வைத்தது ரப்பராக நீண்டது. வைக்காதது கிழிந்தது. "மரம் வெயிலுக்கு ஒடுங்கும், மழைக்கு ஊதும். சீலண்டு மேலயும் கீழயும் மட்டும் புச்சிக்கினா கூடவே போய் வரும். கயிறு இல்லாம பின்னால முதுவுலயும் ஒட்டிக்கினா கிழிஞ்சிடும் சார்" என்றார். சென்னையிலிருந்து கயிறு வர நாளாகும் என்றார்கள். எனக்கோ அவசரம். "அதெல்லாம் வேணாக்கா, அப்படியே அடிங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்றத சொல்லிட்டேன்" என்று கன்னை எடுத்தார்.

கத்திரி வெயில் முடிவதற்குள் முதல் வீட்டில் சீலண்ட் வரிவரியாகக் கிழிந்தது. ஆடி மாதத்து முதல் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிப் புது மெத்தை ஊறிப்போனது. திருப்பதியிலிருந்து ஓனர் வந்தார். "எவரு சேசாரு இதி?" என்று தெலுங்கில் சத்தம் போட்டார். யார் செய்த வேலை என்று கேட்கிறார். நான் ஊறிய மெத்தையைத் தூக்குவது போலக் குனிந்துகொண்டேன். தேசக்கா முன்னால் வந்து, "கன்னு புடிச்சது நான்தான் சார்" என்றார்.

நான் தடுத்ததை அவர் சொல்லவில்லை. ஓனர் அவரை அன்றே அனுப்பிவிடச் சொன்னார். அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. "கயிறு வைக்கணும்னு அவங்க சொன்னாங்க சார். வேணான்னது நான்தான்" என்றேன். ஓனர் என்னை அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். ஆனால் தேசக்காவின் வேலை போகவில்லை. ஓனரின் கார் கிளம்பிய பிறகு தேசக்கா சிரித்தார். "இன்னும் ஒரு நிமிசம் நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, ஒஞ்சட்டையப் புச்சி உலுக்கியிருப்பேன்."

அடைத்ததையெல்லாம் சுரண்டி எடுத்தோம். கயிறு வந்தது. ஐந்து வீட்டையும் மறுபடி அடைத்தார். ஒவ்வொரு கோட்டையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவிச் சமன் செய்தார். திறப்புக்கு முந்தைய வாரம் ஓனர் வந்து, "காரதா அம்மா?" என்று கேட்டார். ஒழுகாதா என்று கேட்கிறாரே, தேசக்கா சும்மா விடுவாரா! வீட்டுக்குப் போய்த் தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வெளியிலேர்ந்து தண்ணி அடிங்க, பாக்கலாம்" என்றார்.

ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் அடித்தோம். உள்ளே வந்து பார்த்தால் புடவை காய்ந்த புடவைதான். ஓனர் தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "இருங்க சார்" என்று தேசக்கா எழுந்தார். ஜன்னல் மூலையில் ஒரு சொட்டு நின்றது. வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. "இத நானே சொல்லிடறேன். நாளைக்கு வந்து தங்கறவங்க சொல்லக் கூடாது." பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே அந்த மூலையைப் பிரித்து அடைத்தார். ஓனர் நின்று பார்த்தார். அதன்பிறகு அவரும் தேசக்கா என்றுதான் கூப்பிட்டார்.

தப்பை முதலில் தானே சொல்லிவிடுகிற அந்தத் துணிச்சலை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் என் ஆட்கள் "இது நிக்காது சார்" என்றால், ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறேன். இன்னொன்றும் வைத்திருக்கிறேன். போன கார்த்திகையில் புயல் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கேட்காமலே பஸ் பிடித்து அந்த மரவீடுகளுக்குப் போய், அவர் எனக்கு அனுப்பிய குரல் பதிவு. பின்னால் மழைச் சத்தம் பலமாகக் கேட்கிறது. அதையும் மீறிக் கத்துகிறார்:

"சார், அஞ்சு வூட்டுலயும் உள்ள பூந்து சுவத்தத் தடவிப் பாத்துட்டேன். அல்லாம் காஞ்சிகினுதான் கீது. நீ நிம்மதியா டிபன் துன்னு!"