மணிக்கொரு ஸ்விட்ச்

ஸ்விட்ச் தானாக நடந்துபோய்த் திறந்துகொள்ளாது என்பது, மின் பொறியியல் பட்டம் வாங்கி இருபத்தெட்டு வருடம் கழித்து, பூனாவின் கசார்வாடியில் ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் எனக்குப் புரிந்தது.

மகர்பட்டா அலுவலகத்தில் நான் எழுதிய ப்ரோகிராமின் வேலை இதுதான். பட்டறைகளுக்குப் போகும் மின்சாரத்தில் கொஞ்சம் கம்பியிலேயே சூடாகி வீணாகிறது. எந்தக் கம்பத்து ஸ்விட்சைத் திறந்து எதை மூடினால் அது குறையும்? ப்ரோகிராம் முதலில் நூறு திட்டங்களைக் கண்டபடி உண்டாக்கும். தேறுகிறவற்றை ஜோடி சேர்த்துக் குட்டி போட வைக்கும். தேறாததைக் கழித்துவிடும். பல தலைமுறை தாண்டி வந்த வாரிசு, மணிக்கொரு முறை ஸ்விட்சுகளை மாற்றச் சொன்னது. ஒரு ஸ்விட்சை மாற்ற எவ்வளவு பாடு என்ற இடத்தில் நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

ஒரு நாள் சோதனை. மாலைக்குள் லைன்மேன் 'நடைமுறைக்கு ஒத்துவரும்' என்று தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ப்ராஜெக்ட் உண்டு. இல்லையென்றால் எனக்கு வேலையில்லாத பெஞ்ச். என் வயதில் பெஞ்சுக்கு அடுத்தது வாசல்தான்.

லைன்மேன் பூனாவிலேயே பிறந்த தமிழர், என் வயதுக்காரர். ஒவ்வொரு கம்பத்திலும் வண்டியை நிறுத்தி, சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டு அனுமதி வாங்கி, பூட்டைத் திறந்து, கைப்பிடியில் தொங்காத குறையாக இழுப்பார். பதினொரு மணிக்குத் திறந்ததைப் பன்னிரண்டுக்கு மூடினோம்.

"இத இப்பதானே சார் தொறந்தோம்?"

"ப்ரோகிராம் சொல்லுதுங்க."

"அதுக்கென்ன, முட்டியா வலிக்குது?"

இரண்டு மணிக்கு ஒரு கம்பத்தடி வடாபாவ் கடையில் உட்கார்ந்துவிட்டார். "ஹோ கயா சார், போதும். கையெழுத்தெல்லாம் கெடையாது. போட்டா இதையே டெய்லி பண்ணணும்பாங்க."

வாதாட எனக்குத் தெம்பில்லை. என் முதுகும் அவர் கட்சிதான். மடியில் லேப்டாப்பை வைத்து, பூஜ்யம் இருந்த இடத்தில் பெரிய எண்ணாக ஒன்றைப் போட்டு ஓட விட்டேன். இரண்டு கட்டிங் டீ முடிவதற்குள் புது வாரிசு வந்தது: காலையில் ஒரே ஒரு ஸ்விட்ச், சாயங்காலம் மறுபடி அதே ஸ்விட்ச். மிச்சமாகும் மின்சாரம் முன்னதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "எந்தக் கம்பம்?"

"இதோ, நாம உக்காந்திருக்கோமே, இதான்."

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்காத குறை. முதல் வாரம் முழுக்க நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

"வேணாம் சார். நீங்க ஏறினா வண்டி இழுக்க மாட்டேங்குது."