கடைசி போல்ட்

துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிப்போன என் லாரி, உப்பளச் சாலையில் பின்பக்க டிஃபரன்ஷியல் உடைந்து நின்றுவிட்டது. பொழுது அடைவதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்தக் கப்பலில் என் சுமை ஏறாது.

அங்கே தனியாகக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் வந்து வண்டிக்கடியில் படுத்தார். புருவம்வரை கிரீஸ் படிந்த ஒல்லியான மனிதர். ஸ்பானரை வைக்கும் முன்பு ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். ஒன்றைத் தவிர எல்லாம் கழன்று வந்தன. அதன்மேல் டீசலை ஊற்றினார்.

"உப்புக்காத்துல துருப்பிடிச்சது தம்பி. அவசரப்பட்டா தலை ஒடிஞ்சிரும். ஊறட்டும், உக்காருங்க."

ஊர், வீடு, பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருச்செந்தூர்த் திருவிழாக் கூட்டத்தில் என் மகள் தொலைந்துபோன கதையை ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போல்ட்டைப் பார்க்கப் போனார். தண்ணீர்க் கேனை எடுக்க நான் மறுபக்கம் குனிந்தபோது கண்ணில் பட்டது. போல்ட் சுலபமாகத் திரும்பியது. அவர் அதை மறுபடியும் இறுக்கினார்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஊறணும் தம்பி. மகளக் காணலன்னு சொல்லிக்கிட்டிருந்தியளே, அப்புறம் என்னாச்சு?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அவரோ டீசல் வாடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் போய்விடும் என்று தெரிந்தும் கதையைத் தொடர்ந்தேன். மகள் கிடைத்த இடத்தை மட்டும் உடனே சொல்லவில்லை.