வளைவு வரும்வரை திரையைத் திறக்காதீர்கள்

ஊரில் அவளுக்கு வளைவக்கா என்று பெயர். சுற்றுலா வேன் ஓட்டுகிறவள். வெளியூர்க்காரர்கள் ரயிலைவிட்டு இறங்கியதுமே கடல் எங்கே, கடல் எங்கே என்று பறப்பார்கள். வளைவக்கா அசைந்து கொடுக்க மாட்டாள். கடல் பக்கத்துத் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, நாள் முழுக்க ஊரைக் காட்டிவிட்டு, சாயங்காலம் குன்றின் கடைசி வளைவில்தான் கடலைக் கண்ணில் காட்டுவாள். முதலிலேயே கடலைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஊரை யார் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி. நியாயம்தானே?

இதெல்லாம் அவள் கணவருக்குக் காதில் விழுந்த சேதிதான். அவர் மீன் பெட்டிகள் அடுக்கும் குளிர்க்கிடங்கில் கண்காணிப்பாளர். ஊரே வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கும்போது ஸ்வெட்டரும் குல்லாயுமாக வேலைக்குக் கிளம்பும் ஒரே ஆத்மா. விடியும் முன்னே உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். கட்டடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. அவருக்கு ஊர் என்றால் வீடு, பஸ், கிடங்கு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், அவ்வளவுதான்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வளைவக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கொஞ்ச காலம் பள்ளி வேன் ஓட்டினாள். பிறகு யாரோ கழித்துக்கட்டிய ஒரு வேனை வாங்கி, பெயின்ட் அடித்து, திரை தைத்து மாட்டினாள். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று அன்றைக்குக் கேட்டவர், அதற்குப் பிறகு அந்த வண்டியில் காலை வைத்ததில்லை.

இப்போது கம்பெனி தூரத்தில், கடல் வாடையே இல்லாத ஓர் ஊரில், புதுக் கிடங்கு திறக்கிறது. அவருக்கு மேலாளர் நாற்காலி. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். போவதென்றால் வேனை விற்க வேண்டியதுதான்; சுற்றிப் பார்க்க அந்த ஊருக்கு யார் வரப் போகிறார்கள்? வளைவக்கா அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை.

"போகணும்னா போகலாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் என் வண்டியில வாங்க. எதை விட்டுட்டுப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டாவது போகலாம். ஆனா ஒண்ணு, பயணியா வரணும். வீட்டுக்காரர்னு வாயைத் திறக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், போன வருஷமும் வந்தவராம். வண்டி கிளம்பியதும் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறவள், இங்கே வண்டியையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். படகு கட்டும் கொட்டகையில், பாதி முடிந்த படகின் மரத்தில் எல்லோரையும் காதை வைக்கச் சொன்னாள்; அந்தப் பக்கம் தச்சர் ஆணி அடிக்கிற சத்தம் உடம்புக்குள்ளேயே கேட்டது. உப்பளத்தில் செருப்பைக் கழற்றி வரப்பில் நடக்க வைத்தாள். போகிற இடமெல்லாம் "அக்கா வந்தாச்சு" என்று முகம் மலர்ந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும் வழியில் கிடங்குகள் இருக்கும் தெருவில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"இந்தப் பக்கம் ஒரு கட்டடம் இருக்கு. பாக்குறதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா நீங்க சாப்பிடுற மீன் கெடாம வருதுன்னா, உள்ள ஒருத்தர் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு நடுங்கிட்டிருக்காருன்னு அர்த்தம். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம்."

"போன தடவையும் இங்க நிறுத்துனாங்க. இது அவங்க வழக்கம்," என்றார் தொப்பிக்காரர்.

கணவருக்குத் தன் கட்டடத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கத்துத் திரையை விலக்கினார். கிடங்குச் சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவே, முழுக்க நீலமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு அது கிடந்தது. இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது.

"அதோ கடல்!" என்று கத்தியே விட்டார்.

அவ்வளவுதான். வண்டியே அந்தப் பக்கம் சாய்ந்தது. திரைகள் பறந்தன. கண்ணாடியில் வளைவக்கா ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்களில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பார்வை.

"கடலையே பாக்காத ஊரா உங்களுது? எங்கேயிருந்து வர்றீங்க?" என்று சிரித்தார் தொப்பிக்காரர்.

"இந்த ஊருதாங்க," என்றார் அவர். "அந்த ஸ்வெட்டர்காரன் நான்தான். வண்டி ஓட்டுறது என் வீட்டுக்காரி."

வண்டியில் ஒரே கூச்சல். அது அடங்குவதற்குள் வளைவக்கா இறங்கி வந்து நின்றாள். "எல்லாத்தையும் கெடுத்தாச்சு. இனிமே வளைவுல போய் நான் எதைக் காட்டுறது?"

அவர் எழுந்து திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். "நீ ஓட்டு. அங்கேயிருந்து நான் இன்னும் பாக்கலையே."

வளைவில் எஞ்சினை நிறுத்தினாள். திரைகள் எல்லாம் திறந்தன. எல்லோரும் கடலைப் பார்க்க இறங்கிப் போன பிறகு அவர் முன்சீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் திரும்பி வந்து ஏறியதும் சாவியைத் திருகினாள்.

"அடுத்த தடவை திரையில கை வெச்சீங்கன்னா, நடுரோட்டுல இறக்கிவிட்டுருவேன், ஆமா."