நீல மீனுக்கு ஒரு ஜோடி

எதையாவது ஒற்றையாகக் கண்டால் எங்கள் சித்திக்குக் கை அரிக்கும். ஒற்றைக் கம்மல், ஒற்றை நாற்காலி, கல்யாணமாகாத பெண், எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஒரு ஜோடி பார்த்துச் சேர்த்துவிட்டால்தான் சோறு இறங்கும். அந்த வியாதிக்கு என் அக்கா வீட்டு மீன்தொட்டி பலியானதை நினைத்தால் இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "நேரா நில்லுங்க. மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. சரி, இப்ப விடலாம்." நாள் முழுக்க இதுதான் பேச்சு. வருகிறவர் முதலாளியோ மேஸ்திரியோ, அதே குரல். சத்தமே இருக்காது, ஆனால் அந்த அறையில் ஒருத்தரும் அசைந்ததில்லை. அந்தக் குரலை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை என்பதுதான் என் ஆத்திரம். வீட்டில் யார் என்ன சொன்னாலும் "பாக்கலாம்" என்பாள். சித்தி வரன் என்று ஆரம்பித்தாலும் "பாக்கலாம் சித்தி." நாற்பதைத் தாண்டியும் அதே பாட்டுதான். உண்மை என்னவென்றால், அவளுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. காதல் தோல்வி, நோய் நொடி என்று ஒரு மண்ணும் இல்லை. இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு காரணமாக எந்தச் சொந்தக்காரர் ஏற்றுக்கொள்கிறார்?

இப்படி வாயில்லாப் பூச்சியாக இருந்தவள் பிடிவாதமாக நின்று வாங்கியது ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்ட ஆறடித் தொட்டியைத்தான். அதற்கு மீன் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் பார்க்கத்தான் அழகு, குணம் பொல்லாதது. கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். அதனால் மலாவி ஏரி மீன் மட்டும் போதும், வேறு ஏரி மீனைக் கலக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்தாள். அந்த ஏரியிலும் பாறை இடுக்கில் பாசி சுரண்டித் தின்கிற ரவுடிக் கூட்டம் ஒன்று உண்டு. மணலோரம் சாவகாசமாகத் திரிந்து புழு பூச்சி தின்கிற மயில் மீன்கள் வேறு. ஒன்றின் சாப்பாடு இன்னொன்றின் வயிற்றுக்கு ஆகாது. அக்கா மயில் மீன்களை எடுத்தாள். தன் நிறத்திலேயே இன்னொரு ஆணைக் கண்டால்தான் அவற்றுக்கு ரத்தம் கொதிக்குமாம். அதனால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒன்றின் சாயல் இன்னொன்றுக்கு வராமல் பார்த்தாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. முதலில் வந்தது தன்னை வீட்டுக்காரனாக நினைத்துக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டாள். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி. தொட்டியில் ஒரு பெண் மீன்கூடக் கூடாது. பெண் இல்லாதவரை அவை முறைத்துக்கொள்ளும், விரட்டிக்கொள்ளும், கொல்லாது.

"ஆம்பளைங்க ஹாஸ்டல்னு சொல்லு," என்றேன்.

"நான்தான் வார்டன்," என்றாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

இருந்ததிலேயே பெரியது நீல மீன். துரை என்று கூப்பிடுவோம். அக்கா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் துரை கண்ணாடியோரம் ஆஜராகிவிடும். அன்று வந்தவர்களில் யார் மூச்சைப் பிடிக்கத் தெரியாமல் இருமினார்கள் என்பதெல்லாம் அக்கா அதனிடம்தான் சொல்வாள்.

இந்த வீட்டுக்குத்தான் சித்தி கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கினார். கண்ணில் இருந்த புரையை எடுத்தார்கள். வாய்க்கு வைத்தியம் இல்லை. கட்டு அவிழ்த்ததும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இத்தனை இருந்தும் ஒரு குஞ்சு குளுவான் இல்லையேடி?" என்றார். எல்லாம் ஆண், ஒரு பெண் வந்தால் அடித்துக்கொண்டு சாகும் என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், நானே சாட்சி. கேட்டு முடித்துவிட்டுச் சித்தி சொன்னது ஒரே வார்த்தை.

"பாவம்."

அடுத்த வாரம் அக்கா எக்ஸ்ரே வண்டியோடு வெளியூர் முகாமுக்குப் போனாள். மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு சித்திக்கு. இரண்டொரு நாளில் எனக்கு ஃபோன் வந்தது.

"வீடே கலகலன்னு இருக்குடி. மீனெல்லாம் ஒரே ஆட்டம், ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு விளையாடுதுங்க. ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். உங்கக்கா வந்து பாக்கட்டும்."

ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருப்பார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அக்கா திரும்பிய அன்று நானும் கூடவே போனேன். கதவைத் திறந்ததும் அவள் வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் வந்து நிற்கவில்லை. மஞ்சள் மீன் துடுப்பெல்லாம் கிழிந்து ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டியிருந்தது. சாம்பல் நிறத்தில், இதுவரை அந்த வீட்டில் நாங்கள் பார்த்திராத ஒரு சின்ன மீன், பாறை மறைவில் நின்றது.

"துரை எங்க சித்தி?"

"அது மெதந்துச்சு. நீ பாத்தா மனசு கஷ்டப்படுவேன்னு டாய்லெட்ல போட்டுத் தண்ணி விட்டுட்டேன்."

"செவப்பு?"

"அதுவும்தான்."

"இது யாரு?"

"துரைக்குப் பாத்தேன்டி. நீல மீனுக்கு ஜோடி வேணும்னு கடையில கேட்டு வாங்கினேன். நெறம்தான் கம்மி. அவனுக்குப் பக்கத்துல நிக்க இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு பாத்திருக்கலாம்."

கத்தித் தீர்த்தேன். கொலைகாரி என்றே சொன்னேன். சித்தி பெரியவர், விருந்தாளி, நோயாளி என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. ஏன் கேட்கவில்லை? ஆசையாகச் செய்தேன் என்றால் தப்பு சரியாகிவிடுமா? உயிர் போனபிறகு யாருடைய நல்ல மனசு யாருக்கு வேண்டும்?

அக்கா தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுப் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒளிய இடமில்லாமல் போனபிறகு அந்தப் பெண் மீனை வலையில் பிடித்துச் சமையலறை மேடையில் ஒரு சின்னத் தொட்டியில் விட்டாள்.

"அதைக் கடையிலயே குடுத்துடு," என்றேன்.

"அது என்ன பண்ணும்? அதையும் யாரும் கேக்கலயே," என்றாள். "கழுத்தைப் பாரு. வாய் நிறைய முட்டை."

இந்த மீன்கள் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். குஞ்சு நீந்தும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் பட்டினி. மறுநாள் மஞ்சளும் போய்ச் சேர்ந்தது. பெரிய தொட்டியில் மிச்சமிருந்தவை ஆளுக்கொரு மூலையில் கிடந்தன, நிறம்கூட வெளுத்துப்போய். அக்கா வேலையிலிருந்து வந்தால் ஹாலில் நிற்காமல் நேரே சமையலறைக்குப் போனாள்.

குஞ்சுகள் வெளியே வந்த அன்று நானும் இருந்தேன். தாய் மீன் வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுற்றி அரிசி நொய் அளவுக்குக் குஞ்சுகள். சித்தி முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பூரித்துப்போனார்.

"பாத்தியா? எல்லாம் நல்லதாத்தான் முடிஞ்சுது. எவ்வளவு திட்டினே என்னை! ஆமா, இதுங்களுக்கு அப்பா எது?"

"நீங்க டாய்லெட்ல போட்டீங்களே, அந்தத் துரை," என்றாள் அக்கா.

சித்தி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். அதோடு விட்டாரா?

"சரி, போனது போகட்டும். உனக்கு ஒரு பேங்க்காரரைப் பாத்திருக்கேன், அவர் வீட்டு ஆளுங்களை ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லியிருக்கேன். தங்கமான மனுஷன். உன்னை மாதிரியே ஒத்தைதான், பாவம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சித்தி, நேரா நில்லுங்க."

அந்தக் குரல். சித்தி நேராக நின்றார்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், பிடித்தார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

"எனக்குக் கல்யாணம் வேணாம். பாக்கலாம்னு சொல்லல, வேணாம்னு சொல்றேன். நீங்க வரச் சொன்னவங்களுக்கு நீங்களே ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க. இனிமே என்னைக் கேக்காம இந்த வீட்டுக்குள்ள எதையும் கொண்டுவராதீங்க. மீனா இருந்தாலும் சரி, மனுஷனா இருந்தாலும் சரி."

சித்தியின் இரண்டு கண்ணும், ஆபரேஷன் செய்தது உட்பட, அகலமாகத் திறந்திருந்தன. அக்கா அவசரப்படவில்லை. தாய் மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி தூவினாள். இத்தனை நாளைக்கு அப்புறம் அது மேலே வந்து தின்றது. அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப விடலாம்," என்றாள்.

சித்தி மூச்சை விட்டார். விட்டுவிட்டு, ஃபோனை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.