சாமிப் படமும் சிவப்புத் துணியும்

நோர்வேயில் துணிகளுக்குச் சாதி உண்டு. சிரிக்காதீர்கள், நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாருங்கள். நீலத் துணி மேசைக்கும் கண்ணாடிக்கும், பச்சை குசினிக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, சிவப்பு கழிப்பறைக்கு மட்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யக்கூடாது, ஒரே வாளியில் சேர்ந்து ஊறவும் கூடாது. எல்லாம் மைக்ரோஃபைபர். அவர்கள் ‘க்ளூட்’ என்பார்கள். சவர்க்காரமே தேவையில்லை, நனைத்துப் பிழிந்து ஒரு இழுவை இழுத்தால் அழுக்கைக் கவ்விக்கொண்டு வந்துவிடும். வந்த புதிதில், வாசமாக இருக்கட்டுமே என்று, உடுப்பை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றி அவற்றைத் தோய்த்துவிட்டேன். மேற்பார்வைக்காரி ஒரு துணியை எடுத்துத் தடவி, முகர்ந்து, நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு அவர்களின் மொழி பிடிபடாத காலம். பாராட்டுகிறாள் என்று நினைத்து நன்றி சொன்னேன். அந்தத் திரவம் பட்டால் துணி அழுக்கைப் பிடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன முறை என் ஊரான சல்லிக்கு, அக்கா வீட்டுக்குப் போனபோது என் பெட்டியில் அரைவாசி இந்தத் துணிகள்தான். சொக்லேற்றும் கிறீமும் கொடுத்துவிட்டு விருந்தாளியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது. எப்போது போனாலும் அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, நான் கூட்ட எடுத்த தும்புத்தடியைப் பறித்துவிடுவாள். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. இந்த முறையாவது அந்த வீட்டுப் பெண்ணாக நாலு வேலை செய்துவிட்டு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அம்மன் கோயில் பொங்கலும் கிட்டியிருந்ததால் ஊரே வீடு கழுவிக்கொண்டிருந்தது. கடற்கரை வீடு, யன்னல் கண்ணாடியில் எப்போதும் உப்பு படிந்திருக்கும். நீலத் துணியால் நான் ஒரு இழுவை இழுக்க, முற்றத்தில் காய்ந்த வலைகூடத் தெளிவாகத் தெரிந்தது. அக்கா வாய்பிளந்து பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் நிறக் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அக்கா சாமியறையில் சிவப்புத் துணியால் முத்துமாரியம்மன் படத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மனுக்குச் சிவப்பை விட்டு வேறு எதை எடுப்பாள்? என்னைக் கேளாமலே என் வாய் திறந்துவிட்டது.

“அக்கா, அது கக்கூஸ் துடைக்கிற துணி.”

அவள் கை அப்படியே நின்றது. இது புதுத்துணி, இப்போதுதான் உறை பிரித்தது, நிறமெல்லாம் அங்கத்தைய ஒழுங்கு மட்டும்தான் என்று அவசர அவசரமாக விளக்கினேன். அவள் கிணற்றடிக்குப் போய் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வந்து, தோய்த்த வேட்டித்துண்டு ஒன்றால் படத்தை மறுபடி துடைத்தாள். மத்தியானம் வரை என்னோடு கதை இல்லை. பொங்கலுக்கு விரதம் பிடிக்கிறவளின் சாமியறையைத் தீட்டாக்கிவிட்டேனே என்று நான் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

குசினியில் பூசணிக்காய் வெட்டும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

“அப்ப நீ அங்க கக்கூசும் கழுவுறனியோ?”

துப்புரவு வேலை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மேசை, யன்னல், கரும்பலகை என்று மட்டுமே நினைத்திருந்திருக்கிறாள். ஓம் என்றேன். மரியாதையான வேலை, பள்ளிக்கூட அதிபரும் நானும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிடுகிறோம் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் உண்மை. அக்கா பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுகியதோடு அம்மன் விஷயம் அவளுக்கு முடிந்துவிட்டது, அதன் பிறகு அவளை வாட்டியது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் அழுதோம்.

பிறகு எழுந்து, விறாந்தையை நான் துடைக்கிறேன் என்று வாளியைத் தூக்கினேன். அக்கா அதைப் பறித்தாள்.

“அங்க நீ துடைக்கிறதே காணும், பிள்ளை. இஞ்ச நீ ஒண்டையும் தொடக்கூடாது. இரு.”

மறுத்தால் இன்னும் அழுவாள். போய்க் கதிரையில் இருந்தேன். அக்கா குந்தியிருந்து நிலத்தைத் துடைத்துத் துடைத்து என் பக்கம் வந்தாள். நான் தவழ்ந்த நிலம் ஈரத்தில் பளபளத்தது. அதில் பட்டுவிடாமல் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.